கல்லேரிப்பட்டிப் பெரிய வீதியின் நீளம்

கல்லேரிப்பட்டியின் பெரிய வீதி நானூற்று நாற்பது கஜம் நீளம். வளவைச் சேர்ந்த பாவாயி அதை நடந்து முடிக்கப் பதினான்கு வருடம் ஆயிற்று. 1927 சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை மேற்கு முனையில் கால் வைத்தவள், 1941 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை கிழக்கு முனையில் வெளியே வந்தாள். நடுவில் அவள் சோம்பி இருக்கவில்லை. படுத்த நேரமும் சாப்பிட்ட நேரமும் போக மற்ற நேரமெல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தாள்.

ஊர் சேந்தமங்கலத்திலிருந்து நான்கு மைல். வீதிக்கு மேற்கே வளவு, அதாவது சேரி, நாற்பது குடிசைகள். வீதிக்குக் கிழக்கே தபால் பெட்டி, ஜில்லா போர்டு வைத்தியசாலை, சந்தைக்குப் போகிற ரோடு. வளவுக்காரர்கள் கிழக்கே போக வேண்டுமானால் ஏரிக்கரையைச் சுற்றி இரண்டு மைல் நடந்தார்கள். பெரிய வீதியில் அவர்கள் நடக்கக் கூடாது என்று எந்தக் கல்லிலும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுதி வைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை.

அந்த வருடம் மாசியில் பாவாயியின் புருஷன் சின்னான் கடலைக்கொடி பிடுங்கும்போது அவனைக் கட்டுவிரியன் கடித்தது. கயிற்றுக்கட்டிலில் போட்டு நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முன்னங்காலைப் பிடித்திருந்தவன் பாவாயியின் அண்ணன் சடையன். வீதி முனையில் வந்து ஒரு கணம் நின்றார்கள். எதிரே வைத்தியசாலையின் ஓட்டுக்கூரை தெரிந்தது. வீதியில் ஆட்கள் இருந்தார்கள். சடையன் பார்த்தான். பார்த்துவிட்டு, "சுத்திப் போலாம்" என்றான். ஏரி மதகைத் தாண்டும்போது சின்னானுக்கு வாயில் நுரை தள்ளி, கண் மேலே சொருகிற்று. வைத்தியசாலையில் கம்பவுண்டர் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடினார்.

சடையன் சண்டைக்காலத்தில் கூலிப்படையோடு மெசபடோமியாவுக்குப் போய் வந்தவன். அங்கே ஒரு கிறிஸ்து வேதக்காரச் சமையற்காரனிடம் எழுத்துக் கற்றிருந்தான். பாஸ்ரா பட்டணத்தில் எந்தத் தெருவிலும் நடந்திருக்கிறான், யாரும் அவனை யாரென்று கேட்டதில்லை. சின்னானுக்குக் கருமாதி முடிந்த மறுநாள் அவன் ஒரு தாளை எடுத்து, பொது வீதியில் சகல ஜனங்களும் நடக்க உத்தரவு வேண்டும் என்று மனு எழுதினான். தங்கைக்கு அதைப் படித்துக் காட்டினான்.

"இதுக்குப் பதில் வர எத்தனை நாளாகுமுங்ணா?" என்று பாவாயி கேட்டாள்.

"சர்க்கார் காரியம், அம்மிணி. பொறுக்கோணும். உத்தரவை வாங்கிட்டு நடந்தா எவனும் கை வெக்க முடியாது."

"நடந்துட்டு உத்தரவு வாங்கினா ஆகாதுங்களா?"

அவன் மனுவை மடித்து உறையில் போட்டான். அவளுக்கு அப்போது இருபது வயது.

சித்திரை வெள்ளிக்கிழமை அவள் வீதியில் இறங்கிய செய்தி கேட்டு வளவு முழுக்க முனையில் கூடிற்று. அவள் வேகமாகத்தான் நடந்தாள். ஆனால் உச்சிவேளைக்கு முதல் வீட்டின் வாசலைக்கூட அவள் தாண்டியிருக்கவில்லை. கால் முன்னே போயிற்று, மண் பின்னே போயிற்று, வீடு மட்டும் அப்படியே நின்றது. வீதிக்காரர்கள் வழக்கம்போல மாட்டை ஓட்டிக்கொண்டு அவளைக் கடந்து போனார்கள், வந்தார்கள். அவர்களுக்கு அது நானூற்று நாற்பது கஜமாகவே இருந்தது. மறுநாள் இளந்தாரிகள் ஆறு பேர் தடியோடு அவளை நோக்கி ஓடினார்கள். அவர்களுக்கும் வீதி நீண்டுவிட்டது. இரண்டு பகல் ஓடிக் கால் கொப்பளித்துத் திரும்பி வந்தார்கள். தடியைக் கீழே போட்டுவிட்டு நடந்தபோது அரை நிமிஷத்தில் அவளைத் தாண்டிப் போக முடிந்தது. அதன் பிறகு யாரும் தடி எடுக்கவில்லை. வேறு வழிகள் இருந்தன.

பின்னால் திரும்பினால் வீதி முனை பத்தடியில் இருந்தது. இது பாவாயிக்குத் தெரியும். எந்த நாளிலும், எந்த நேரத்திலும் திரும்பி நாலு எட்டு வைத்தால் அவள் தன் குடிசையில் இருக்கலாம். பதினான்கு வருடமும் அது அப்படித்தான் இருந்தது. வீதியின் மூன்றாவது வீட்டில் கந்தம்மாள் என்று ஒரு விதவை இருந்தாள். மூன்றாம் நாளிலிருந்து அவள் ஒரு சட்டியில் கம்பங்கூழ் ஊற்றி பாவாயிக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனாள். கேட்டவர்களுக்கு நாய்க்கு வைப்பதாகச் சொன்னாள். கந்தம்மாள் வீட்டில் நாய் கிடையாது.

முதல் இரண்டு வருடம் அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அவள் முப்பது கஜத்துக்குள்தான் இருந்தாள், சத்தம் போட்டால் கேட்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சடையன் சந்தையில் பழைய பத்திரிகை வாங்கி வந்து வீதி முனையில் நின்று உரக்கப் படிப்பான். அவள் முதுகைக் காட்டியபடி நடந்துகொண்டே கேட்பாள். ஒரு வாரம் அமெரிக்காவைப் பற்றி வந்திருந்தது. அங்கே கறுப்பு ஜனங்களுக்குத் தனி ரயில்பெட்டி, தனிப் பள்ளிக்கூடம். அவர்களுக்குள் ஒரு தலைவர் தொழிலைக் கற்றுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருவோம், அதுவரை பொறுத்திருப்போம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். இன்னொருவர் பொறுக்க ஒன்றுமில்லை, உரிமையை இன்றே கேள் என்கிறாராம். வேறொருவர் இந்த ஊரே வேண்டாம், கப்பலேறி ஆப்பிரிக்காவுக்கு, நம் தேசத்துக்கே போவோம் என்கிறாராம்.

"அவங்கல்லாம் ஒரே ஊட்டுக்காரங்களா அண்ணா?" என்று பாவாயி நடந்தபடியே கேட்டாள்.

"இல்ல. வேற வேற ஊரு."

"ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்குவாங்களாமா?"

சடையன் தாளைத் திருப்பிப் பார்த்தான். "அது போடலை" என்றான்.

1929-ல் நாமக்கல் தாலுகாவைத் திருச்சி ஜில்லாவிலிருந்து பிரித்துச் சேலம் ஜில்லாவோடு சேர்த்தார்கள். சடையன் எல்லா மனுக்களையும் புது முகவரிக்கு மறுபடி முதலிலிருந்து எழுதினான். அதே வருடம் பெரிய வீதிக்காரர்கள் கூடிப் பேசி, பாவாயி வீதியைவிட்டு இறங்கும்வரை வளவுக்காரர் யாருக்கும் காடுகழனி வேலை இல்லை என்று முடிவு செய்தார்கள். சோள அறுப்புக்குத் தொட்டியத்திலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். கடையில் உப்புக்கூடக் கொடுக்கவில்லை. வளவில் புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்துத் தின்றார்கள். தை முடிவதற்குள் ஒன்பது குடும்பம் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்குப் போய்விட்டது. காளியப்பன் என்கிறவனின் பெண்சாதிக்குப் பால் வற்றி, அவளுடைய மூன்று மாதக் குழந்தை செத்தது.

குழந்தையைப் புதைத்துவிட்டுச் சடையன் நேராக வீதி முனைக்கு வந்தான். அவனுக்குப் பின்னால் வளவில் மிச்சமிருந்த அத்தனை பேரும் வந்தார்கள்.

"பாவாயி, திரும்பு."

அவள் நடந்துகொண்டிருந்தாள்.

"நீ மண்ணு மேல நடக்கலை. எங்க வயித்து மேல நடக்கற. காளியப்பன் கொளந்தை போயிருச்சு. கேக்குதா? அந்தச் சாவு உன் கால்ல இருக்குது."

பாவாயி நின்றாள். நடக்கத் தொடங்கியபின் அவள் பகலில் நின்றது அதுதான் முதல் தடவை. திரும்பவில்லை.

"நான் இப்பத் திரும்பினா, அந்தக் கொளந்தை எதுக்குச் செத்துதுன்னு காளியப்பண்ணனுக்கு என்னங்ணா சொல்லுவீங்க?" என்றாள். இன்னொன்றும் சொன்னாள். "நீங்க ஒருதரம் சுத்திப் போலாம்னு சொன்னீங்க. நான் கேட்டுக்கிட்டேன்."

அந்தப் பேச்சு சடையனை எங்கே தைத்தது என்று கூட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். அவன் திரும்பி நடந்தான். அதற்குப் பிறகு ஏழு வருடத்துக்கு மேல் அவன் அவளிடம் பேசவில்லை. அன்று மாலைவரை அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். மறுநாள் விடிந்ததும் நடக்கத் தொடங்கினாள். வேலை மறுப்பு இரண்டு வருடம் நீடித்தது. ஒரு வருடம் நிலக்கடலை நல்ல விளைச்சல் கண்டு, பிடுங்க ஆள் கிடைக்காமல் போனபோது அது தானாக நின்றது. யாரும் அதை நிறுத்தியதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

சடையன் எழுதிக்கொண்டே இருந்தான். ஒரு மனுவின்பேரில் சர்வேயர் சங்கிலியோடு வந்து வீதியை அளந்து, இருபது சங்கிலி, அதே நானூற்று நாற்பது கஜம்தான், என்று எழுதிக்கொண்டு போனார். சங்கிலியின் நுனி பாவாயியைத் தொட்டுக்கொண்டுதான் போயிற்று. அதைப் பற்றி அறிக்கையில் இல்லை. 1935 ஆவணியில் உத்தரவு வந்தது. வீதி பொது வீதி, எவரும் நடக்கலாம். மனுதாரர் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் முன்னிலையில் நடந்து காட்டி, நடந்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்ஸ்பெக்டர் இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்தார். சடையன் வெள்ளை வேட்டி கட்டி, மெசபடோமியாவிலிருந்து கொண்டுவந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு நின்றான். "நடுவுல நிக்கக் கூடாது. யாரோடயும் பேச்சு வெச்சுக்கக் கூடாது. ஏதாச்சும் கலாட்டா ஆச்சுன்னா நான் எழுத வேண்டியதை எழுதிருவேன், உத்தரவு நிக்காது" என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. காரியம் நல்லபடி முடிய வேண்டும் என்றுதான் சொன்னார்.

கான்ஸ்டபிள்கள் இரண்டு பக்கமும் வர, சடையனுக்கு வீதி சரியாக நானூற்று நாற்பது கஜமாக இருந்தது. எண்ணெய்க்காரர் வீட்டுக்கு எதிரே பாவாயி நடந்துகொண்டிருந்தாள். தலைமுடி செம்பட்டையாகிவிட்டது. சேலை எந்த நிறம் என்று சொல்ல முடியவில்லை. அவன் அவளுக்குப் பக்கத்தில், ஒரு கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் வந்தபோது அவள் தலையைத் திருப்பாமலே, "ஏனுங்ணா, நல்லா இருக்கறீங்களா?" என்று கேட்டாள்.

சடையன் நிற்கவில்லை. பேசவும் இல்லை. ஆறு நிமிஷத்தில் கிழக்கு முனைக்குப் போய், இன்ஸ்பெக்டர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டான். கைநாட்டு வைப்பான் என்று மசிப்பெட்டி கொண்டுவந்திருந்தார்கள், அதற்கு வேலை இல்லாமல் போயிற்று.

மறுநாள் கான்ஸ்டபிள்கள் இல்லை. சடையன் தனியாக வீதியில் இறங்கினான். உச்சிவேளைவரை நடந்தும் முதல் வீட்டின் பூவரச மரம் அவனுக்கு எதிரே அப்படியே நின்றது. சட்டைப்பையில் இருந்த உத்தரவை எடுத்துப் பார்த்தான். எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருந்தது. தூரத்தில் தங்கையின் முதுகு தெரிந்தது. திரும்பினான். பத்தடியில் வெளியே வந்துவிட்டான். அன்று அவன் திரும்பாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிற்பாடு பலரும் அவனிடம் கேட்டார்கள். அவன் தன்னையே அதைவிட அதிகம் கேட்டிருப்பான்.

இரண்டு வருடம் கழித்து, வேறொரு மனு விஷயமாகத் தாலுகா ஆபீஸுக்குப் போயிருந்தபோது வயதான குமாஸ்தா ஒருவர் அவனை உட்காரச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தார். "உங்க மனு மட்டும்னா அது பாட்டுக்குக் கட்டுல கெடந்திருக்கும், சடையா. ஒரு பொம்பளை எட்டு வருசமா ஒரே வீதியில நடக்கறாளாமேன்னு மேல இருந்து கேட்டுக் கேட்டு எழுதினாங்க. அதுக்குப் பதில் எழுத முடியாமத்தான் உத்தரவு போட்டாங்க" என்றார். சடையன் அங்கிருந்து கல்லேரிப்பட்டிவரை நடந்தே வந்தான். நேராக வீதி முனைக்குப் போய் அதைத் தங்கையிடம் கத்திச் சொன்னான். அவள் அப்போது இருநூறு கஜத்துக்கு அப்பால் இருந்தாள். காற்று எதிர்க்காற்று. அவளுக்குக் கேட்கவில்லை.

அவளும் அவனிடம் சொல்ல ஒன்று வைத்திருந்தாள். சர்க்கார் அந்த உத்தரவை எழுதிய பலகையை வீதியில் நட்ட நாளிலிருந்து வீதி சுருங்கிக்கொண்டு வந்தது. முன்பு ஒரு வீட்டைத் தாண்ட எட்டு மாதம் ஆகும், இப்போது மூன்று மாதம் ஆயிற்று. சடையன் புதிதாக ஒரு உத்தரவு வாங்கும்போதெல்லாம் அவளுக்கு ஐந்தாறு கஜம் கூடக் கிடைத்தது. இதை முதலில் கண்டுபிடித்தது கந்தம்மாள்தான். "உங்கண்ணன் எழுதறான், உனக்கு வழி குறையுது பாத்தியா" என்று சட்டியை வைக்கும்போது சொன்னாள். அதற்குள் கந்தம்மாளுக்குப் பத்து வருடம் ஓடிவிட்டது. பேசாமல் வைத்துப்போன கூழைப் பேசிக்கொண்டே வைக்கிற அளவுக்கு வந்திருந்தாள். அந்தச் செய்தியை வளவுக்குப் போய் அண்ணனிடம் சொல்ல முடியுமா என்று பாவாயி கேட்டாள். கந்தம்மாள் யோசித்தாள். கூழ் வைப்பது ஒன்று, வளவுக்குள் போவது இன்னொன்று. அவள் போகவில்லை. அதுதான் தன் மனதில் கிடக்கிறதென்று கடைசிக் காலத்தில் கந்தம்மாளே சொல்லியிருக்கிறாள்.

1939-ல் சடையன் வளவிலிருந்து கிளம்பி, ஏரிக்கரையைச் சுற்றிப் போய், வீதியின் கிழக்கு முனையில் ரோட்டோரப் புறம்போக்கில் ஒரு குடிசை போட்டான். பன்னிரண்டு வருடம் தங்கையின் முதுகையே பார்த்தவன் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். அது அவர்களுடைய செத்துப்போன அம்மாவின் முகமாக இருந்தது. அடுத்த இரண்டு வருடம் அவன் அங்கேதான் இருந்தான். அவள் காது கேட்கிற தூரத்துக்கு வந்ததும் பத்திரிகை படித்தான். மறுபடி சண்டை வந்துவிட்டது என்றான். குமாஸ்தா சொன்னதைச் சொன்னான். அவள் கந்தம்மாள் சொன்னதைச் சொன்னாள்.

1941 ஐப்பசியில் அவள் வெளியே வந்தாள். மழை பெய்து விட்டிருந்தது. அவள் முதலில் வைத்தியசாலைக்குப் போனாள். கம்பவுண்டர் புது ஆள், என்ன கோளாறு என்று கேட்டார். "ஒண்ணுமில்லைங்க. இங்க வரைக்கும் வரோணும்னு வந்தேன்" என்றாள். பிறகு வந்து அண்ணனின் குடிசைக்கு எதிரே கல்லில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகும் அவள் கால்கள் கொஞ்ச நேரம் நடந்துகொண்டிருந்தன.

"அன்னிக்கு நேராப் போயிருந்தா அவர் பொளச்சிருப்பாருன்னு நெனச்சுக்கிட்டே இருக்கறீங்களா அண்ணா?" என்று கேட்டாள்.

சடையன் குனிந்து அவள் காலிலிருந்த சேற்றை வழித்துப் போட்டான்.

"எனக்குப் பதினாலு வருசம் ஆச்சுங்ணா. சுத்திப் போனதுதான் கிட்ட வழி. அதை உட்டுருங்க."

அவன் சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு, "உன்னைத் தாண்டிப் போனனே, அம்மிணி" என்றான்.

"தெரியுமுங்ணா. பூட்ஸ் சத்தம் கேட்டுது."

"நின்னிருந்தா உத்தரவு போயிருக்கும்."

"ஆமாங்ணா. போயிருக்கும்."

"நின்னிருக்கலாம்."

"ஆமாங்ணா," என்றாள் பாவாயி. "நின்னிருக்கலாம்."

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் ஏரிக்கரை வழியாக வளவுக்கு வந்தார்கள். பாவாயி தன் குடிசைக்குப் போகாமல் காளியப்பன் வீட்டு வாசலில் போய் நின்றாள். காளியப்பன் எழுந்து நின்றான். அவன் பெண்சாதி உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாவாயி குடித்தாள். இருந்திருந்தால் அந்தக் குழந்தைக்குப் பன்னிரண்டு வயது.

சடையன் 1944-ல் மார்ச்சளியில் இறந்தான். சுடுகாடு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. சுற்றிப் போவதா நேராகப் போவதா என்று வளவில் பேச்சு வந்தது. "ஒட்டுக்காப் போலாம்" என்று மட்டும் பாவாயி சொன்னாள். வளவில் இருந்த ஆணும் பெண்ணும் அத்தனை பேரும் ஒன்றாகப் பாடையோடு வீதியில் இறங்கினார்கள். உத்தரவை முன்னால் ஒருவன் பிடித்துக்கொண்டு போனான். காலையில் கிளம்பியவர்கள் மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவ்வளவு சீக்கிரம் போவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அண்ணன் உயிரோடு இருக்கும்போது ஒரு நாளாவது இப்படி இறங்கியிருக்கலாமே என்று பாவாயி சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தவர்களுக்கு அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது கிழக்கு முனையில் ஒரு பள்ளிக்கூடம் வந்திருக்கிறது. வீதிப் பிள்ளைகளுக்கு அது ஆறு நிமிஷத்து நடை. வளவுப் பிள்ளைகளுக்கு 1945-ல் ஒரு மணி நேரம் ஆயிற்று, போன வருடம் முக்கால் மணி, இந்த வருடம் அரை மணிக்குக் கொஞ்சம் மேலே. மழை நாட்களிலும் பண்டிகை நாட்களிலும் சற்றுக் கூடுகிறது. அதனால் வளவில் அடுப்பைச் சீக்கிரம் பற்றவைத்து, பிள்ளைகளை முன்னதாகவே கூட்டமாக அனுப்பிவிடுகிறார்கள். ஆரம்பத்தில் வாத்தியார் தாமதமாக வந்ததற்கு அடித்தார். பிறகு அவரே ஒருநாள் அவர்களோடு வளவிலிருந்து நடந்து பார்த்தார். அதற்கப்புறம் அவர் முதல் மணியை இரண்டு முறை, வீதிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் வளவுப் பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் ஒன்றுமாக, அடிக்கச் சொல்லியிருக்கிறார்.